பக்கத்து மனைத் தும்பையும் மாடிக் கத்தரியும்

வட சென்னை எர்ணாவூரில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். மழை விட்ட பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் தும்பை முட்டி உயரத்துக்கு மண்டிவிட்டது. காலையில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மொய்க்கின்றன. தெருவில் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்கிறார்கள். பிள்ளைகளைத் தேனீ கொட்டுமா, பாம்பு வருமா, இந்தச் செடியால் ஏதாவது பயன் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். போகிற போக்கில், மாடியில் வைத்த கத்தரி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒப்புக்குச் சேர்த்த அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மருந்து அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதில்தான் இருக்கிறது.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. பூச்சிக்கு அது கொடுக்கும் கூலி மகரந்தம் மட்டும்தான், அதையும் லேசில் கொடுக்காது. நடுவில் மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே, அவைதான் மகரந்தப் பைகள். பெரும்பாலான பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் தூள் வெளியே கொட்டும். கத்தரியில் ஒவ்வொரு பையின் நுனியிலும் சின்னத் துளை மட்டும் இருக்கும். தூள் வெளியே வர வேண்டுமானால் யாராவது பூவைப் பிடித்து அதிரவைக்க வேண்டும். காற்று ஓரளவு செய்யும். நன்றாகச் செய்வது சில காட்டுத் தேனீக்கள். பூவைக் காலால் கட்டிப்பிடித்து, இறக்கையை விரிக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் வேகமாக இயக்கும். பக்கத்தில் நின்றால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு குட்டி ஒலி, நின்று நின்று கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நம் ஊரில் இதைச் செய்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர். நீலப்பட்டைத் தேனீ ஒன்று. மரத்தைக் குடைந்து கூடு கட்டும் பெரிய கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ, இன்னொன்று.

சரி, இதில் தும்பை எங்கே வருகிறது? மகரந்தத்தைத் தாய்த் தேனீ தன் குஞ்சுக்காகச் சேர்க்கிறது. ஆனால் அது நாளெல்லாம் பறக்க வேண்டுமே, அதற்குத் தேன் வேண்டும். கத்தரிக்கு வருகிற ஒவ்வொரு தேனீயும் தன் சாப்பாட்டை வேறு எங்கோ முடித்துக்கொண்டுதான் வருகிறது. அந்த ‘வேறு எங்கோ’ பறந்து போகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும். மார்கழி, தை, மாசி மாதங்களில், கான்கிரீட் போட்ட தெருக்கள் நடுவே அந்த இடம் பெரும்பாலும் உங்கள் பக்கத்து மனை மாதிரி ஒன்றுதான். அதை அழித்துவிட்டு மாடியில் கத்தரி வைத்தால் சமையல்காரருக்குச் சோறு போடாமல் பந்தி வைக்கச் சொல்வது போல.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தும்பையை விட்டும் காய்க்கவில்லையே என்று திரும்ப வருவீர்கள். கத்தரியில் எல்லாப் பூவும் காய்ப்பதற்கென்று பிறந்தவை அல்ல. சில பூவில் சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை வாங்கும் நடுக்குச்சி, மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை காய் பிடிக்கும். சிலவற்றில் அது குட்டையாக உள்ளேயே நின்றுவிடும். அவை எத்தனை தேனீ வந்தாலும் பெரும்பாலும் உதிரும். முதலில் உங்கள் செடியில் எந்த வகை அதிகம் என்று பாருங்கள். குட்டை வகைதான் அதிகமென்றால் எருவையும் தண்ணீரையும் கவனியுங்கள். நீட்டு வகையே உதிர்கிறதென்றால் தேனீ பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். சோதித்துப் பார்க்க, காலையில் பேட்டரி டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஓரிரு நொடி வைத்து எடுங்கள். அப்படிச் செய்த பூ மட்டும் காய் பிடித்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

இப்போது தும்பைக்கு வருவோம். இது துளசிக் குடும்பம். தண்டைத் தடவினால் நாலு பட்டை தட்டுப்படும். இந்த மண்ணுக்கே உரிய செடி, இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை சொந்தமாக வளர்வது. ஒரு பருவத்துச் செடி. மழையில் முளைத்து, பனியில் பூத்து, வெயில் ஏற ஏற விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து போகும். சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. அந்த ஈரத்தை வைத்துத்தான் இதன் வாழ்க்கை. திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கத்து மணலிலும் வரும். மணலி, மாதவரம் பக்கத்துக் களிமண்ணிலும் வரும். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பேறிய சதுப்பில் மட்டும் பார்க்க முடியாது, அது உமரியின் இடம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால் நந்தியம்பாக்கம், மீஞ்சூர் தாண்டித் தரிசு வயல்களில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ரயில் பாதையோரமும் நிறைய உண்டு. பூ பார்க்கத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், ஜன்னலே போதும்.

பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். கணுவுக்குக் கணு உருண்டையாகச் சேர்ந்திருக்கும் பச்சைக் கிண்ணங்களில் இருந்து அது தொட்ட மாத்திரத்தில் கழன்று வரும். ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கீழுதடு அகலமாக, மூன்றாகப் பிரிந்து, வெள்ளைக் கைக்குட்டை விரித்தது போல் இருக்கும். பூச்சி இறங்கும் திண்ணை அதுதான். மேலுதடு சின்னது, குல்லா மாதிரி வளைந்து, மேலே பஞ்சு மாதிரி மயிர் அடர்ந்திருக்கும். அந்தக் குல்லாவுக்குள் நாலு மகரந்தத் தாள்களும், மகரந்தத்தை வாங்கும் நுனியான சூல்முடியும் ஒளிந்திருக்கின்றன. தேன் குழாயின் அடியில் இருக்கிறது. சின்ன வயதில் பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சியவர்களுக்கு அந்த இனிப்பு ஞாபகம் இருக்கும். உறிஞ்சாதவர்கள் இப்போது ஆரம்பிக்க வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

தேனீ திண்ணையில் இறங்கித் தலையைக் குழாய்க்குள் நுழைக்கும்போது குல்லா பின்னுக்குத் தள்ளப்படும். உள்ளேயிருக்கும் மகரந்தப் பைகள் அதன் தலையிலும் முதுகின் முன்பகுதியிலும் உராயும். அடுத்த பூவில் அதே இடம் சூல்முடியில் படும். ஒவ்வொரு பூவுக்கும் கூடிப்போனால் நாலு விதை. கிண்ணம் காய்ந்த பிறகு கவிழ்த்துத் தட்டினால் சின்னச் சின்னதாக விழும். இத்தனை சின்ன ஏற்பாடு, ஆனால் ஒரு செடியில் கணுக்கள் பல, ஒரு கணுவில் மொட்டுகள் பல, அவை ஒரே நாளில் திறக்காமல் முறை வைத்து வாரக்கணக்கில் திறக்கின்றன. பூச்சிக்கு இதுதான் பெரிய வசதி. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மரங்களைப் போல இல்லாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள், வெயில் ஏறும் நேரத்தில், மனையோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நீலப்பட்டைத் தேனீயைக் கண்டுபிடிக்க முதலில் காதைத் தீட்ட வேண்டும். மற்ற தேனீக்களை விட உயர்ந்த சுருதியில் ‘ங்ஙீ’ என்று வரும், சட்டென்று நிற்கும், மறுபடி வரும். பெட்டித் தேனீயின் அளவே இருக்கும், ஆனால் உருண்டை உடம்பு. மார்பில் தவிட்டு நிற ரோமம், கறுத்த வயிற்றில் குறுக்கே மினுங்கும் நீலப் பட்டைகள். வெயில் படும் கோணத்தைப் பொறுத்து அது பச்சையாகவும் தெரியும். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, நீண்ட நாக்கை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு, உட்கார்ந்தும் உட்காராமலும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். போட்டோ எடுக்க நினைத்தால் பொறுமை போகும். அது வரும் வரிசையைக் கவனித்து, அடுத்து வரப்போகும் பூவில் கேமராவை வைத்துக் காத்திருப்பது ஒன்றே வழி.

இந்தத் தேனீக்கு ராணி, கூட்டம், தேன்கூடு எதுவும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனியாக மண்ணைக் குடைந்து அறைகள் கட்டி, மகரந்தமும் தேனும் குழைத்து வைத்து, அறைக்கு ஒரு முட்டை இட்டு மூடிவிடும். மேட்டு மண், மண்சுவர், சில நேரம் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கு எல்லாம் அதற்குத் தோதானவை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளில் அப்படிப்பட்ட சுவர்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்கும் சிமென்ட் பூசினால் இந்தத் தேனீக்கு வீடு கிடையாது. ஆண்களுக்குக் கூடே இல்லை. பொழுது சாயும்போது ஏதாவது காய்ந்த குச்சியில் வாயால் கவ்விக்கொண்டு, உடம்பை அந்தரத்தில் நீட்டித் தூங்கும். பல ஆண்கள் ஒரே குச்சியில் வரிசையாகத் தொங்குவதும் உண்டு. தும்பை மனைக்குள் சாயங்காலம் ஒரு சுற்றுப் போனால் கண்ணில் படலாம். சுத்தம் என்ற பெயரில் காய்ந்த குச்சிகளை ஒன்று விடாமல் பொறுக்கி எரிக்கிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

மற்ற தேனீக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மர இடுக்கிலும் பொந்திலும் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீ, செடிக் கொம்பில் ஒற்றை அடை வைக்கும் கொம்புத் தேனீ, அடுக்குமாடி சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ, இவை எல்லாம் சென்னையில் உண்டு, தும்பைக்கும் வரும். கொசுத்தேனீ ரொம்பச் சின்னது. குழாயின் அடி வரை அதன் நாக்கு எட்டுமா என்பதை விட, அது மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு போவதைத்தான் அதிகம் பார்க்கலாம். ரோஜா இலையில் வட்டமாக வெட்டியெடுத்த ஓட்டைகளைப் பார்த்துப் புழு என்று மருந்தடிப்பவர்கள் நிறைய. அது பெரும்பாலும் இலைவெட்டித் தேனீயின் வேலை, இலைத்துண்டைக் கூட்டுக்குள் சுருட்டி வைக்கத்தான் வெட்டுகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது.

வண்ணத்துப்பூச்சிகள் தும்பைக்கு நிறைய வரும், பார்க்க அழகு. ஆனால் மகரந்தம் கடத்துவதில் அவற்றைத் தேனீயோடு சேர்த்து எண்ண மாட்டேன். நூல் மாதிரி நாக்கை நீட்டித் தேனை எடுத்துக்கொண்டு, குல்லாவில் தலை படாமலேயே பல நேரம் போய்விடும். செடிக்கு லாபம் குறைவு, வண்ணத்துப்பூச்சிக்கு லாபம் அதிகம். அதனால் என்ன, வரட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தேன் இருந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து போகும், குஞ்சு பொரிக்க வேறு செடி வேண்டும். வெந்தய வரியன் எருக்கிலும், எலுமிச்சை அழகி எலுமிச்சை, கறிவேப்பிலையிலும் முட்டையிடும். சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஒன்று தாழப் பறக்கிறதே, அதன் புழுவுக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டும். உங்கள் மனையில் தும்பையோடு ஓர் எருக்கும் நின்றால் அதையும் விட்டுவையுங்கள். கறிவேப்பிலையில் பச்சைப் புழுவைப் பார்த்தால் நாலு இலையை அதற்கு எழுதி வைத்துவிடுங்கள்.

பூவுக்குள் பூச்சி அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளை நிற நண்டுச் சிலந்தி அதைப் பிடித்து வைத்திருக்கும். அதையும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி உங்கள் பயங்கள். பூவில் மேயும் தேனீ கொட்ட வராது. அதற்கு அங்கே காக்க எதுவும் இல்லை. கையில் வைத்து அழுத்தினாலோ வெறுங்காலில் மிதித்தாலோ கொட்டும். பிள்ளைகள் செருப்பு போட்டுக்கொண்டு போகட்டும், அவ்வளவுதான். ஆபத்து மலைத்தேனீயின் அடையைக் கல்லால் அடிப்பதில் இருக்கிறது, தும்பையில் இல்லை. பாம்பு விஷயத்தில், அதை இழுப்பது எலி, எலியை இழுப்பது குப்பையும் கட்டட இடிபாட்டுக் குவியலும். சாப்பாட்டுக் கழிவைக் கொட்டுவதை நிறுத்தி, செங்கல் குவியலை அகற்றி, வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் செடியை அறுத்துவிட்டால் போதும். தும்பைச் சாறு பாம்புக்கடிக்கு மருந்து என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். கடி பட்டால் ஆளை அசைய விடாமல் நேராக ஸ்டான்லி மாதிரி ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நேரம் முக்கியம்.

டெங்கு கொசுவும் தும்பையில் வளராது. அந்தக் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர் வேண்டும். மனைக்குள் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பெயின்ட் டப்பா, தெர்மோகோல் பெட்டி, இவற்றைப் பொறுக்கி எடுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது செடியைக் காட்டாமல் இவற்றைக் காட்டுங்கள்.

களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கிளைபோசேட்டாக இருக்கும். 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. தெருவாசிகள் கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு கிளம்புவது சரியல்ல. அது போக, தும்பை எரிந்து போன வெற்று மண்ணில் அடுத்து வருவது பார்த்தீனியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் தும்மலும் தோல் அரிப்புமாக உங்கள் தெருவே அதைத் திட்டிக்கொண்டிருக்கும். இப்போதே மனையில் பார்த்தீனியம் தலைகாட்டினால் பூப்பதற்கு முன்னால் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். சின்ன மஞ்சள் நடுவோடு வெள்ளை இதழ் பூக்கும் வெட்டுக்காயப் பூண்டும் வெளிநாட்டுச் செடிதான், மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் அதை விரும்பி உறிஞ்சும், யாருக்கும் தொல்லை இல்லை. அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

வாயில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா? சில வீடுகளில் தும்பை இலையைக் கீரையோடு சேர்ப்பதும் துவையல் அரைப்பதும் உண்டு. நல்ல மண்ணில் வளர்ந்ததென்றால் சரி. உங்கள் பக்கம் நிலக்கரிச் சாம்பலும் தொழிற்சாலைப் புழுதியும் படிகிற பக்கம், காலி மனையில் எந்தக் காலத்தில் என்ன கொட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் செடியைப் பூச்சிக்கு விட்டுவிடுங்கள். சாமிக்குப் பூப் பறிப்பதில் தப்பில்லை, ஒரே செடியை மொட்டையடிக்காமல் அங்கொன்று இங்கொன்றாகப் பறியுங்கள்.

மாடியிலும் வளர்க்கலாமா என்றால், தாராளமாக. நர்சரியில் கேட்டால் காசித்தும்பையைக் கொடுப்பார்கள். அது வண்ணப் பூ பூக்கும் வேறு குடும்பத்துச் செடி, வாங்கி ஏமாற வேண்டாம். மாசி, பங்குனியில் பழுப்பாகக் காய்ந்த பூக்கொத்துகளை ஒரு காகிதப் பையில் சேர்த்துக் கசக்கினால் விதை கிடைக்கும். செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் தூவி, மேலே மண் போட்டு மூடாமல் லேசாக அழுத்திவிட்டால் போதும். உடனே முளைக்கவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், மழைக்காலம் வரை காத்திருக்கக் கூடிய விதை இது. அவசரமென்றால் நாலு இலை விட்ட நாற்றை வேர் மண்ணோடு பெயர்த்து வைக்கலாம். உரம் அதிகம் போட்டால் இலைதான் வரும், பூ குறையும். கத்தரித் தொட்டிக்கு அருகிலேயே வையுங்கள். கத்தரிக்குக் காய்ப்புழு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் அது வேப்பெண்ணெயாக இருந்தாலும் சாயங்காலம், தேனீ போன பிறகு அடியுங்கள்.

மனை உங்களுடையது இல்லை, அதனால் உரிமையாளரிடம் பேச வேண்டியிருக்கும். ‘செடியைக் காப்பாற்றுங்கள்’ என்று போனால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சுவரோரம் அறுத்துச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம், குப்பை விழாமல் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஜேசிபி கொண்டுவருவதாக இருந்தால் பங்குனிக்குப் பிறகு கொண்டுவாருங்கள் என்று கேளுங்கள். அதற்குள் விதை மண்ணில் விழுந்திருக்கும். முழு மனையையும் ஒரே நாளில் வழிக்க வேண்டியிருந்தால், ஒரு மூலையில் மேட்டு மண்ணை மட்டும் தொடாமல் விடச் சொல்லுங்கள், தேனீயின் அறைகள் அங்கே இருக்கலாம். கட்டடம் கட்டப்போகிறார் என்றால் எதுவும் பேச முடியாது. அப்போது விதைப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள்.